மைனர் காரின் மூன்று குழாய்கள்

வன்னி நிலம் மேடு பள்ளம் அதிகம் அறியாதது. பரந்தனிற் புறப்பட்டு முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து கடற்கரைமட்டும் சென்றாலும், பிறேக்கில் கால் வைத்தபடி இறங்கவேண்டிய இறக்கம் என்று சொல்லத்தக்கது எதிர்ப்படுவதில்லை. ‘இந்த நாட்டில் கார் ஓட்டப் பிறேக் எதற்கு, ஹோர்ன் இருந்தாற் போதாதா?’ என்று முன்னாளில் வாடகைக் கார் ஓட்டியவர்கள் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு விடை சொல்பவை எங்கள் ஊர் மாடுகளே. மாரி காலத்தில் வயலும் மேய்ச்சல் தரையும் நீரில் ஊறிக் கிடக்க, அவை காய்ந்த இடம் தேடித் தார் வீதிக்கு வந்து படுத்துவிடுகின்றன. கறுத்த எருமை, கறுத்த தார், நிலவில்லாத இரவு. காரின் விளக்கொளியில் இரண்டு கண்கள் மாத்திரம் திடீரென்று தோன்றும்.

மலைநாட்டுச் சாரதி நாள் முழுவதும் பிறேக்கை மிதிப்பவன். அது தளர்ந்துவரும்போது அவனுடைய கால் அதனை அறிந்துவிடுகின்றது. வன்னிச் சாரதியோ பல மைல் தூரம் அதனைத் தொடாமலே போகின்றவன். தொடுகின்ற அந்த ஒரு முறை, உயிரைக் காலில் வைத்து மிதிக்கின்றான். பழைய காரின் பிறேக் குழாய் வெடிப்பதானால் பெரும்பாலும் அந்த ஒரு மிதியிலேதான் வெடிக்கும். ஆதலால் சமதரை நாட்டுக்காரர் இந்தக் குழாயைப்பற்றி அறிந்திருப்பது மலைநாட்டாரைவிட அவசியம் என்பது என் எண்ணம்.

குழாய் என்று நான் சொல்வது கராச்சில் ‘ஹோஸ்’ என்று வழங்கும் றப்பர்க் குழாயை. சாரதி மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிறேக் எண்ணெய் நெருக்கப்படுகின்றது. மூடிய பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தின்மேல் அழுத்தம் கொடுத்தால், அது எல்லாத் திசையிலும் குறையாமற் சென்று சேரும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்துப் பாஸ்கால் சொல்லி வைத்தார். அந்த உண்மையை மோட்டார் வண்டிக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மல்கம் லொக்கீட். அவர் உரிமை பெற்றது 1917இல்; நான்கு சில்லுக்கும் இம்முறையிலான பிறேக் பூட்டிய டூசன்பேர்க் கார் வெளிவந்தது 1921இல். அவருடைய சகோதரர் அலன் ஆகாய விமானம் கட்டப் புறப்பட்டவர். விமானத்தின் மேலும் பிறேக் குழாயின் மேலும் ஒரே பெயர் இருப்பதற்கு அதுவே காரணம்.

எண்ணெய் செல்லும் வழி பெரும்பாலும் உருக்குக் குழாய். ஆனால் முன்சில்லு இடமும் வலமும் திரும்புவது. எல்லாச் சில்லும் குழியில் இறங்கி ஏறுவது. அசையும் சில்லுக்கும் அசையாத உடலுக்கும் இடையே உருக்கைப் பூட்டினால் சில நாளில் முறிந்துபோம். அங்கே மாத்திரம் வளைந்துகொடுக்கும் குழாய் வேண்டும். மொறிஸ் மைனரில் இத்தகைய குழாய்கள் மூன்று: முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பின் அச்சுக்குப் பொதுவாக ஒன்று. அவசரத்தில் மிதிக்கும்போது குழாயினுள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தலையும் எட்டக்கூடும். அதனைத் தாங்குவது வெறும் றப்பர் அன்று. எண்ணெயைத் தாங்கும் உட்குழல், அதன்மேல் நெருங்கப் பின்னிய நூல் உறை, வெயிலையும் காற்றையும் தாங்கும் வெளியுறை ஆகியவை சேர்ந்த கட்டு. பலம் முழுவதும் இடையிலுள்ள நூலில் இருக்கின்றது. அந்த நூலோ வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை.

இன்றைய கார்களில் எண்ணெய் வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. ஒன்று போனாலும் மற்றது ஓரளவு நிறுத்தும். அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியில் இது கட்டாயமாயிற்று. மைனர் அதற்கு முந்திய தலைமுறை. ஒரே வழி, ஒரே சிலிண்டர். மூன்றில் ஒன்று வெடித்தால் நான்கு சில்லிலும் பிறேக் இல்லை. மிச்சமிருப்பது கம்பியால் இழுபடும் கைப்பிறேக் ஒன்றே.

இத்தனை பழைய கார் இன்றும் ஏன் ஓடுகின்றது என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். அலெக் இசிகோனிஸ் வரைந்து 1948இல் வெளிவந்த மைனர், பத்து லட்சத்தைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் கார். இலங்கையில் 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புதுக் கார் வாராத அந்தக் காலத்தில், வந்திருந்த மைனரையும் ஒஸ்ரின் ஏ-40ஐயும் கேம்பிரிட்ஜையும் பழுது பார்த்துப் பார்த்தே ஓட்டினார்கள். பின்னர் எங்கள் பகுதிக்கு வந்தது வேறொரு பஞ்சம். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது வடக்குக்குப் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றினோம். புதுமாதிரிக் கார்கள் கொட்டிலில் முடங்க, பழைய ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரமாகையால் அது புகைந்தும் இருமியும் ஓடிற்று. பிரசவ வேதனைப்பட்ட பெண்கள் எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை அந்தக் கார்களே.

அதே 1990களில் இதே தீவின் தென்பகுதியில் மைனர் காருக்கான உடற்பாகங்களைத் தகட்டில் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிற்பட்டறை ஒன்று நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மைனர் கார்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயர் அதில் முன்னின்றவர். தெற்கே மைனருக்குப் புது உறுப்புச் செய்கின்றார்கள். வடக்கே ஓர் உறுப்புக்காக மாதக் கணக்கிற் காத்திருக்கின்றார்கள். இதற்குமேல் நான் இங்கே விரிக்கவில்லை.

அந்தப் பஞ்ச காலம் எங்களுக்கு ஒரு கலையைக் கற்பித்தது. எதனையும் எறியாமல், ஒட்டியும் கட்டியும் கடைந்தும் மீண்டும் ஓடச் செய்யும் கலை. அதனை நான் குறைத்துச் சொல்லேன். ஆயினும் அந்தக் கலை செல்லுபடியாகாத பொருளொன்று உண்டென்பதை எங்கள் ஊர்க் கராச்சுக்காரர் ஒருவரிடம் அறிந்துகொண்டேன்.

அவரிடம் வந்திருந்தது ஒரு மொறிஸ் மைனர். அதன் சொந்தக்காரர் எழுபது கடந்தவர். அதிலேயே வாடகை ஓடிப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். 2006 ஆவணியில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அந்தக் கார் ஏதோ அலுவலாக வவுனியாவில் நின்றது. பின்பு திரும்பி வர வழியில்லை. உறவினர் வீட்டுக் கொட்டிலில் நின்றபடியால் 2009இன் அழிவில் அது அகப்படவில்லை. இங்கே நின்றிருந்தால் முள்ளிவாய்க்கால் வீதியோரம் எரிந்து துருப்பிடித்த வாகனங்களோடு ஒன்றாகியிருக்கும். 2012இல் மெனிக் பாம் முகாம் மூடப்பட்ட காலத்தையொட்டி ஊர் திரும்பியவர், காரை எடுப்பித்து ஒரு மூலையில் நிறுத்திவைத்தார். இப்பொழுது கனடாவிலிருந்து மகளும் பேரப்பிள்ளைகளும் வருகின்றார்கள். அவர்களை அந்தக் காரிலேயே ஏற்றி முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைக்கவேண்டும் என்பது கிழவருடைய ஆசை. இயந்திரம் ஓடியது, பூச்சும் பூசியாகிவிட்டது. பிறேக்கை மிதித்தால் கார் நின்றது. இனி என்ன குறை?

“ஹோஸ் மூண்டும் மாத்த வேணும் ஐயா,” என்றார் கராச்சுக்காரர்.

“அதுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. சமாதான காலத்தில போட்டது. பிறகு கார் ஓடவேயில்லையே, எப்பிடித் தேயும்?”

இந்த வாதம் எனக்கும் நியாயமாகவே பட்டது. ஓடாத கார் தேயாது என்பதைத்தான் யாரும் நினைப்பர். ஆனால் றப்பருக்கு ஓடுவதும் நிற்பதும் ஒன்றே. அது வயதினால் இறுகுகின்றது. நின்ற காரின் நிலை இன்னும் மோசம். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. மாற்றாத எண்ணெயில் நீர் சேர்ந்து, நீரினால் உருக்குத் துருவேறி, துரு குழாயின் உட்சுவரில் அடைகின்றது. டொட் 4 என்னும் தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரையில் கொதியாதிருக்கவேண்டும் என்பது விதி. ஈரமேறியபின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகின்றது.

கராச்சுக்காரர் வாதாடவில்லை. முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்திச் சில்லுகளைக் கழற்றினார். டோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு, குழாயை இரண்டு விரலால் மெல்ல வளைத்து, வளைவின் வெளிப்புறத்தைக் காட்டினார். நேராக இருக்கையில் வழவழப்பாகத் தோன்றிய றப்பரில், வளைத்த மாத்திரத்தில் மாரிக்குமுன் வெடித்த குளத்துச் சேறுபோல நுண்ணிய கீறல்கள் விரிந்தன. பெரும்பாலும் குழாயின் இரு முனையிலும், உலோகக் கழுத்தை ஒட்டிய இடத்திலேதான் இவை தோன்றும் என்றார். ஸ்ரியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பி, ரயர் எங்காவது உரசியிருக்கின்றதா என்று பார்த்தார். என்னை உள்ளே இருத்தி மிதியை அழுத்தச் சொல்லி, தாம் கீழே கிடந்து கையால் குழாயைத் தடவினார். அழுத்தும்போது குழாய் பாம்பு விழுங்கிய தவளைபோல ஓரிடத்திற் புடைக்குமானால், உள்ளேயிருக்கும் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். மிதி பஞ்சுபோல அமிழ்வதற்கும் அது ஒரு காரணம். அப்படி எதுவும் இல்லை.

ஆனால் இடது முன்சில்லு, மிதியை விட்டபிறகும் இறுகியே நின்றது. கையாற் சுழற்றினால் சுழலவில்லை. கிழவர், சிலிண்டர் இறுகியிருக்கும் என்றார். அதற்கொரு சோதனை உண்டு. குழாயின் மேல்முனையில் உருக்குக் குழாய் சேரும் நட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பது. சில்லு விடுபட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர்ப் பக்கம். தளர்த்தினார், சில்லு அசையவில்லை. நட்டை இறுக்கிவிட்டுச் சில்லடியிலுள்ள நிப்பிளைத் திறந்தார். எண்ணெய் பீறிட்டது, சில்லு தானாகச் சுழன்றது. இரண்டுக்கும் நடுவே இருப்பது றப்பர்க் குழாய் ஒன்றுதான்.

அந்தக் குழாயைக் கழற்றியபின் கூரிய கத்தியால் நீளவாக்கிற் பிளந்து கிழவர் கையிற் கொடுத்தார். வெளியே பார்வைக்குக் குறையொன்றும் பெரிதாக இல்லாத அந்தக் குழாயின் உட்குழல் வீங்கி, ஓரிடத்தில் உரிந்து, நாக்குப்போல ஒரு மடல் தொங்கிக்கொண்டிருந்தது. காலால் மிதிக்கும் பலமான அழுத்தம் அந்த மடலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயைச் சில்லுக்கு அனுப்பிவிடும். திரும்பி வருவதற்கோ பிறேக் கட்டைகளை இழுக்கும் சுருள்வில்லின் சிறிய பலமே உண்டு. அந்தப் பலத்துக்கு மடல் வழிவிடாது. ஒருவழிக் கதவு. சில்லு பிடித்தபடியே உருளும், சூடேறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மடல் அறுந்து வழியை முற்றாக அடைத்தால் அந்தச் சில்லுக்குப் பிறேக்கே போகாது. நிறுத்தும்போது கார் மற்றப் பக்கம் பாயும்.

கிழவர் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முறிகண்டியில எல்லா வாகனமும் நிக்கும் ஐயா. உங்கட கார் நிக்குமோ எண்டதுதான் கேள்வி. இந்தக் காரில எதையெண்டாலும் திருத்தித் தாறன். இதைத் திருத்தேலாது.”

புதுக் குழாய் தேடிய கதையும் சொல்லத்தக்கது. முதலில் உறவினர் ஒருவர், பெட்டி பிரிக்காத பழைய அசல் குழாய்கள் இரண்டை எங்கிருந்தோ பெருமையோடு கொண்டுவந்தார். பெட்டியின் எழுத்தே மங்கிப்போயிருந்தது. கராச்சுக்காரர் பெட்டியை மெச்சிவிட்டுக் குழாயைத் திருப்பிக் கொடுத்தார். பெட்டிக்குள் இருந்தாலும் றப்பருக்கு வயது ஏறாமல் விடுவதில்லை. அடுத்து வந்தது யப்பான் காரின் குழாய். அது கடைகளில் தாராளமாகக் கிடைப்பது. நீளமும் ஏறக்குறையப் பொருந்தியது. ஆனால் திருகாணிக் கணக்கு வேறு. பழைய பிரித்தானியக் காரின் திருகு எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. யப்பான் காருடையது 10 மில்லிமீற்றர், புரியிடை ஒரு மில்லிமீற்றர். வித்தியாசம் மயிரிழை போலத் தோன்றும். பெரியது சிறியதற்குள் நுழையாது, அதனால் தீங்கில்லை. சிறியது பெரியதற்குள் தளர்ந்து நுழைந்து, பிடித்ததுபோல நிற்கும். அவசரமாக மிதிக்கும் நாளிற் புரி வழுக்கி விட்டுவிடும். நுழைந்துவிட்டது என்பதனால் பொருந்திவிட்டது என்று ஆகாது. முடிவில் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லியனுப்பி, மைனருக்கென்றே அண்மையிற் செய்யப்பட்ட குழாய்கள் மூன்றும் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. இடதிலே பழுது கண்டால் வலதையும் மாற்றவேண்டும். ஒன்று புதிதும் மற்றது பழையதுமாக இருந்தால் இரண்டு சில்லும் ஒன்றுபோலப் பிடிக்கும் என்று நம்பமுடியாது.

பூட்டும் முறையில் நான் கவனித்தது அவருடைய பொறுமையை. உருக்குக் குழாயின் நட்டு ஆண்டுக்கணக்கில் துருவேறி இறுகியிருந்தது. பலத்தைக் காட்டினால் நட்டோடு குழாயும் முறுகி ஒடியும். ஆகவே முதல்நாளே துருவிளக்கும் எண்ணெய் ஊறவிட்டு, மறுநாள் ஒரு ஸ்பானரால் ஹோஸின் தலையை அசையாமற் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைச் சிறிது முன்னும் சிறிது பின்னுமாக அசைத்து எடுத்தார். அதன்பின் தாங்கியிலிருந்து குழாயை விடுவித்து, சில்லுப் பக்கத்து முனையைக் கடைசியாகத் திருகிக் கழற்றினார். பூட்டும்போது வரிசை தலைகீழ்: முதலிற் சில்லுப் பக்கம், புதிய செப்பு வோஷரோடு, பிறகு தாங்கி, ஈற்றில் உருக்குக் குழாய். பழைய வோஷர் ஒருமுறை நசுங்கியது, மறுமுறை கசியவிடும். குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் எழுத்து வரிசை நேராக ஓடுகின்றதா என்று பார்த்தார்; அது கயிறுபோலச் சுற்றினால் குழாய் முறுக்கிக்கொண்டிருக்கின்றது, கழற்றித் திரும்பவும் பூட்டவேண்டும். சில்லை இரு கோடிக்கும் திருப்பியும், தொங்கவிட்டும், பாரம் ஏற்றியும் எங்கும் உரசல் இல்லை என்று கண்டபிறகே திருப்திப்பட்டார்.

வேலை நடக்கையில் எண்ணெய் வடியாமலிருக்கக் குழாயை இடுக்கியால் நெரித்துப் பிடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நெரித்த இடத்தில் உட்குழல் கன்றிப்போகும். அடுத்த மடல் உரிவது அங்கேதான். இன்னொரு வழக்கம், கழற்றியதை எல்லாம் மண்ணெண்ணெயிற் கழுவுவது. இயந்திரத்துக்கு அது நல்லது. பிறேக் றப்பருக்கு நஞ்சு. மண்ணெண்ணெயோ என்ஜின் ஒயிலோ சிறிது கலந்தாலும் றப்பர் ஊதிப் பெருத்துவிடும். பிறேக் எண்ணெயாற் கழுவிப் பிறேக் எண்ணெயையே ஊற்றவேண்டும். அந்த எண்ணெய் பூச்சில் விழுந்தால் பூச்சு உரியும் என்பதையும் புதுப்பூச்சுப் பூசியவர்கள் மறக்கலாகாது. கிழவர் ஒரு வாளி தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றார்.

கடைசி வேலை எயர் எடுத்தல். எண்ணெய் நெருங்காது, காற்று நெருங்கும். வழியில் ஒரு குமிழி இருந்தாலும் மிதி அதனை நெருக்குவதிலேயே அமிழ்ந்துவிடும். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழே இருக்கின்றது. அதிலிருந்து தூரமான இடது பின்சில்லில் தொடங்கி, வலது பின்சில்லு, இடது முன்சில்லு, வலது முன்சில்லு என்று முடிப்பது முறை. பிறேக் கட்டைகளை முதலிலேயே சரியாக நெருக்கி வைக்கவேண்டும். நிப்பிளில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது எண்ணெய் ஊற்றிய ஜாம் போத்தலில் அமிழ்த்தினார். விளக்காக எங்களோடு பல வருஷம் வாழ்ந்த அந்தப் போத்தலை இந்த உத்தியோகத்திற் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“அமத்துங்கோ மாஸ்ரர். பிடியுங்கோ. இப்ப விடுங்கோ.”

அரை மணித்தியாலம் அமத்தினேன், பிடித்தேன், விட்டேன். முதலில் தேநீர் நிறத்தில் கலங்கிய எண்ணெய் வந்தது, பிறகு குமிழிகள், பிறகு தெளிந்த எண்ணெய். இடையிடையே கிழவர் காலடி மூடியைத் திறந்து புது எண்ணெய் வார்த்தார். அது வற்றிக் காற்றை உறிஞ்சிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டிவரும். முடிந்தபின் மிதியை முழுப் பலத்தோடும் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, பூட்டிய ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த கடதாசியால் துடைத்துப் பார்த்தார். கடதாசி காய்ந்தபடியே இருந்தது.

பரீட்சை ஓட்டத்துக்குக் கிழவரே சாரதி. ஒட்டுசுட்டான் பக்கம் போகும் வீதியில், முதலில் நடைவேகத்தில், கையைக் கைப்பிறேக்கில் வைத்தபடி இரண்டு தரம். பின்பு முப்பது மைல் வேகத்தில் மூன்று தரம். கார் நேராக நின்றது. இறங்கி நான்கு சில்லையும் கையாற் தொட்டுப் பார்த்தார்கள்; எல்லாம் ஒரே அளவான சூடு. 1960களின் பிரித்தானியக் கையேடுகள் சிலவற்றில், மூன்றாண்டுக்கு ஒருமுறை பிறேக் றப்பர் யாவற்றையும் மாற்றும்படி கண்டிருக்கின்றது. அன்றைய றப்பரைவிட இன்றைய றப்பர் நல்லது. ஆயினும் திகதியைக் குறித்துவைப்பது நன்று என்று கராச்சுக்காரர் கதவின் உட்புறத்தில் மாதத்தையும் வருஷத்தையும் சிறு எழுத்தில் எழுதிவிட்டார்.

மிச்சமிருந்த இரண்டு பழைய குழாய்களையும் வாள்தகட்டால் இரண்டு இரண்டாக அறுத்தார். முழுதாக விட்டால் யாராவது எடுத்துப் பூட்டிவிடுவார்களாம். கராச்சிற் பழகும் சிறுவன் அறுத்த துண்டொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கிணற்று வாளியின் கம்பிப் பிடிக்கு உறையாகச் செருகலாமா என்று கேட்டான்.

“அதுக்கு நல்லாக் காணும்,” என்றார். “கொண்டுபோ.”